கன்னிக்குப் பிடிமண்

பார்க்காதே. நேராக நட.

சாக்கடைப் பக்கம் கண் போனால் அண்ணன் பிடித்துவிடுவார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இது தெரியும். நான் எதை ஒளித்து வைத்தாலும், எங்கே என்று கேட்டதும் என் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகும். அதனால் மேலே பார். மரத்தைப் பார். மரத்தில் குரங்கு இருக்கிறதா என்று பார்.

கலாதேவி தூங்குமூஞ்சி மரங்களை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தாள். சிமெண்டுப் பாதை மேடேறி வளைந்தது. காற்று நின்றுபோயிருந்தது. சுண்ணாம்பு மலைகளுக்குப் பின்னால் மழை கறுத்துக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கொட்டும்.

"என்னா கலா, ஆகாயத்த பாத்துக்கிட்டே வார? குழி என்னா மரத்துலயா தொங்குது?"

முன்னால் போன ஜெயபாலன் அண்ணன் திரும்பாமலே கேட்டார். கையில் செய்தித்தாளில் சுற்றிய சின்ன மண்வெட்டி.

"கொரங்கு இருக்கான்னு பாக்குறேண்ணே. அண்ணி கூடையில பழம் இருக்குல்ல."

"நாலு கால் கொரங்குக்கு பயப்படாத. ரெண்டு கால் கொரங்கு ஒண்ணு என் வீட்டுல இருக்கு, அதுக்குப் பயப்படு" என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

அவர் சொன்னது தன் மகள் தினேஸ்வரியைத்தான். பின்னால் கூடையோடு மூச்சுவாங்கி வந்த துளசி அண்ணி சிரிக்கவில்லை. எல்லோருக்கும் முன்னால் வெறுங்காலோடு, கையில் வேப்பங்கொத்தோடு சன்னாசி போய்க்கொண்டிருந்தார். வாரநாட்களில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். வெள்ளிக்கிழமைகளில் அவர்மேல் சாமி வரும். இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

ஈப்போவில் இந்தப் பழைய இடுகாட்டை நகராட்சி இப்போது பூங்காவாக்கியிருந்தது. மேட்டில் வெள்ளைக்காரர்கள். ஈயச் சுரங்க முதலாளிகள், தோட்டத் துரைமார்கள், காய்ச்சலில் போன அவர்களுடைய மனைவிகள், பல் முளைக்காத குழந்தைகள். ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பலகை, ஒரு கதை. காலையில் ஆட்கள் இங்கே ஓட்டப் பயிற்சி எடுப்பார்களாம். செம்பருத்தி வேலிக்குக் கீழே, சாக்கடை வரை இறங்கும் சரிவில் மற்றவர்கள். அங்கே பலகை இல்லை. பல குழிகளுக்குக் கல்லும் இல்லை.

அந்தச் சரிவில் ஒரு குழியில் கலாதேவியின் அக்கா பிரமிளா இருந்தாள். எந்தக் குழி என்பது குடும்பத்தில் கலாதேவிக்கு மட்டும்தான் தெரியும்.

அதைக் காட்டுவதற்காகத்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார்கள். காட்டினால் மட்டும் போதாது. அண்ணன் தோண்டிக் கொடுக்கும் ஒரு பிடி மண்ணை முந்தானையில் ஏந்தி, அக்காவின் பெயரைச் சொல்லி, வீட்டுக்கு வா என்று மூன்று முறை கூப்பிட வேண்டும். கல்யாணமாகாமல் செத்த பெண் கன்னி. கன்னிக்குப் பிடிமண் எடுத்து வந்து வீட்டு மூலையில் பீடம் வைத்தால் குடும்பத்தைக் காப்பாள். கேட்பாரற்று விட்டால் வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று நடக்கும். கூடப்பிறந்த பெண் கூப்பிட்டால்தான் கன்னி திரும்பிப் பார்ப்பாள், ஆம்பளைக் குரலுக்கு அசைய மாட்டாள் என்று சன்னாசி சொல்லியிருந்தார்.

அண்ணன் வீட்டில் நடந்தது என்னவென்றால், தினேஸ்வரி தாதி படிப்பு முடித்து, ஜொகூரில் ஒரு மருத்துவமனையில் வேலை வாங்கிவிட்டாள். அண்ணனுக்கு அவளை ஆயர் தாவாரில் இருக்கும் துளசி அண்ணியின் அண்ணன் மகனுக்குக் கொடுத்து, கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தகப்பனும் மகளும் பேசுவதை நிறுத்தினார்கள். அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். சன்னாசி வந்து பார்த்துவிட்டு, ஒரு பெண் வாசலில் நிற்கிறாள், உள்ளே விடச்சொல்லி அழுகிறாள் என்றார். அழுது அழுது களைத்த தினேஸ்வரி கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். கன்னி வரட்டும், வந்து போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன்.

கன்னி என்ன சொல்வாள் என்பதில் கலாதேவிக்குச் சந்தேகம் இல்லை. சன்னாசி பொய் சொல்கிற ஆள் அல்ல. அண்ணன் முந்தின நாள் காப்பிக் கடையில் அவரிடம் மனம்விட்டுப் பேசுவது மறுநாள் அவர் வாயில் சாமி வாக்காக வரும். அது அவருக்கே தெரியாது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. பொய் என்றால் எதிர்த்துப் பேசலாம்.

காலையில் அவள் கணவர் அர்ச்சுனன்கூட, "கூப்புட்டுட்டு வந்துரேன். என்னா வந்துரப் போவுது?" என்றுதான் சொன்னார். அவருக்கு அது ஒரு மதிய நேரத்து வேலை.

மேட்டு வளைவில் ஜெயபாலன் ஒரு கல்லின் முன் நின்றார். கறுப்புப் பளிங்கு. சுற்றிலும் சங்கிலி.

"தொரை. நம்ம தீம்பார் தொரை, அப்பா வேல பாத்த தோட்டத்துக்கு. பாத்தியா துளசி, இவருதான். தாப்பாவுலேர்ந்து வருசா வருசம் லோரியில ஆளு ஏத்தி அனுப்புவாங்க, இவரு குழியில புல்லு வெட்ட. அப்பாதான் தலையாளு. புல்லு வெட்டி, தண்ணி ஊத்தி, பூ வச்சி, கும்புட்டுட்டு வருவாரு."

"நல்ல மனுசரு போல" என்றாள் அண்ணி, கல்லைப் பார்த்து.

"யாரு, தொரையா அப்பாவா?"

"ரெண்டு பேருந்தான்."

பிரமிளாவைப் புதைத்த பிறகும் அப்பா அந்த லோரியில் வந்தார். அவரும் இந்த மேட்டில் நின்று, இந்தச் சங்கிலிக்குள் குனிந்து புல் வெட்டினார். வேலியைத் தாண்டி அவர் ஒரு தடவையும் கீழே இறங்கியதில்லை. கூட வந்தவர்கள் தோட்டத்தில் வந்து சொன்னார்கள், பெருமையாகவே சொன்னார்கள். மனுசன் திரும்பியே பார்க்கலை, கல்லு மாதிரி நின்னாரு என்று.

வேலியில் ஓர் இடைவெளி. அதன் வழியாகக் கீழே இறங்கினார்கள். சிமெண்டுப் பாதை அங்கே முடிந்துவிட்டது. முழங்கால் உயரப் புல், சாய்ந்த சிலுவைகள், எண்ணெய்க் கறை பிடித்த அகல்கள், யாரோ ஊன்றிய வேல். சாக்கடையில் தண்ணீர் ஓடும் சத்தம்.

"இப்ப சொல்லு. எது?"

"ரொம்ப வருசமாச்சேண்ணே. அப்ப இந்த வேலியெல்லாம் இல்ல."

"வேலி இல்லாட்டி என்னா, குழி நடந்தா போயிருக்கும்?"

"எங்க சின்னம்மா மவ உன்னைய பாத்திருக்கு கலா" என்றாள் அண்ணி மெல்ல. "தீவாளிக்கு முன்ன பூ வாங்கிக்கிட்டு இந்தப் பக்கமா வந்தியாம்."

"பூ வாங்குனேன் அண்ணி. கோயிலுக்கு."

சொல்லும்போதே தன் குரல் தட்டையாக இருப்பது அவளுக்குக் கேட்டது. அண்ணன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். அவள் தூரத்தில் நின்ற கம்போஜா மரத்தைப் பார்த்தாள். வெள்ளைப் பூக்கள். அங்கே பார்ப்பதில் ஆபத்தில்லை.

"இருக்கட்டும்" என்றார் சன்னாசி. "நீ காட்டாட்டி அவளே காட்டுவா. நான் நடக்குறேன். யாரும் பேச வேணாம்."

அவர் கண்களைப் பாதி மூடிக்கொண்டு, வேப்பங்கொத்தை மார்போடு வைத்து, புல்லில் கால்வைத்து நடக்கத் தொடங்கினார். சாக்கடை ஓரமாகவே நடந்தார். அந்த வரிசைதான். சாக்கடையிலிருந்து பார்த்தால் இரண்டாவது வரிசை, கோணலான சிலுவைக்கு அடுத்தது. தலைமாட்டில் ஒரு நீலப் பதிகல். குளியலறைச் சுவரில் பதிப்பார்களே, அது. பிரமிளாவோடு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து, அவளோடு ஒரே விடுதியில் இருந்த பெண்கள், கல் வெட்டுவதற்கு வழியில்லாமல், விடுதியில் மராமத்து நடந்தபோது மிஞ்சிய ஒரு பதிகல்லைக் கேட்டு வாங்கி ஈரச் சிமெண்டில் பதித்தார்கள். பெயர் இல்லை. நீல நிறம் மட்டும்.

சன்னாசி அதை நெருங்கினார். கோணல் சிலுவையைத் தாண்டினார். நீலக் கல்லின்மேல் அவருடைய வேட்டி நுனி உரசிற்று.

நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தார்.

கலாதேவி மூச்சை விட்டாள். விட்ட அதே கணத்தில் பின்னால் அண்ணி, "அய்யோ, என் முட்டி" என்று முனகிக்கொண்டு, பக்கத்திலிருந்த சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தாள். கூடையை நீலக் கல்லின்மேல் வைத்தாள்.

கலாதேவியால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் துணி மூடிய கூடை. அதற்குள் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும், அண்ணன் ஓட்டிய காடியில் வரும்போது அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருந்தாள். சிவப்புப் பட்டுப் பாவாடை, கண்ணாடி வளையல், சீப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி, மல்லிகை, வாழைப்பழம், மாவிளக்கு. உயிரோடிருந்த கடைசி வருடத்தில் பிரமிளா பாவாடை கட்டியதே இல்லை. தலைமுடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு, சம்பளத்தில் வாங்கிய நீளக்கால் சிலுவார் போட்டுக்கொண்டு இருந்தாள்.

தாய்மாமனுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பிரமிளா தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டாள். யாரோடும் ஓடவில்லை. அது அப்பாவுக்கு இன்னும் கேவலமாக இருந்தது. ஒருத்தனோடு ஓடியிருந்தால் அவனை அடிக்கலாம். அவளைத் திரும்பக் கூட்டி வர அண்ணனை அனுப்பினார். விடுதி வாசலில், காவலுக்கு நின்ற ஜாகாவும் மற்ற பெண்களும் பார்க்க, அண்ணன் அவளைக் கன்னத்தில் அறைந்தார். அவள் அழவில்லையாம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். சில மாதங்களில் டெங்கிக் காய்ச்சல் வந்தது. பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்காவோடு பஸ் ஏறி வந்து மருத்துவமனையில் பார்த்தது பதினாலு வயதுக் கலாதேவி மட்டும்தான். பிரமிளாவின் உதடு வெடித்திருந்தது. "நல்லாயிட்டா இங்கயே இருந்துக்கிறேன், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாத கலா" என்றாள். சாகப் போகிறவள் சொன்னது அல்ல அது. பிழைத்துவிடுவோம் என்று நினைத்தவள் சொன்னது. அடுத்த மாதம் விடுதியில் சினிமா காட்டப் போகிறார்கள், நீயும் வா என்றுகூடச் சொன்னாள்.

பிணத்தைத் தோட்டத்துக்குக் கொண்டு வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா பாயில் சுருண்டு படுத்திருந்தாள். விடுதிப் பெண்கள்தான் இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். பிறகு அவர்களில் ஒருத்திதான் கலாதேவியைக் கூட்டி வந்து குழியைக் காட்டினாள்.

"என்னா கலா, கூடையவே பாக்குற?"

அண்ணன் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். கலாதேவி கூடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இப்போது எடுத்தால்தான் தெரிந்துவிடும்.

"பாவாட வாங்கியிருக்கீங்களே, அண்ணி, அளவு சரியா இருக்குமான்னு நெனச்சேன்."

"சாமிக்கு என்னாடி அளவு" என்றாள் அண்ணி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒத்தப் புள்ள கலா. ஜொகூருக்குப் போச்சுன்னா அப்புறம் சிங்கப்பூரு, அப்புறம் எங்கயோ. நாளைக்கு நான் விழுந்து கெடந்தா யாரு தூக்குவா?"

அந்தக் கேள்வி உண்மையான கேள்வி. அண்ணியின் முழங்கால் வீங்கியிருந்தது, பக்கவாட்டில் பச்சை நரம்புகள் புடைத்திருந்தன.

அப்போது கம்போஜா மரத்தடியிலிருந்து ஓர் அலறல்.

சன்னாசி அங்கே நடுங்கிக்கொண்டிருந்தார். கால்கள் மாறி மாறித் தரையை மிதித்தன. "நிக்கிறா! பாவாட கட்டி நிக்கிறா! எத்தன வருசண்டா, எத்தன வருசம் வெயில்லயும் மழையிலயும் நிக்க வச்சீங்க!"

அண்ணன் ஓடினார். அண்ணி கூடையைத் தூக்கிக்கொண்டு நொண்டியபடி ஓடினாள். கலாதேவியும் போனாள். போய், சன்னாசியின் காலடியிலிருந்த குழியைப் பார்த்ததும், அடிவயிற்றிலிருந்து சிரிப்பு ஒன்று கிளம்பி வந்தது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

அது ஒரு கிழவரின் குழி. அவளுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளிக்கு முன்னால் அவள் பூவோடு வரும்போதெல்லாம் ஒரு பாட்டியும் இரண்டு பிள்ளைகளும் அந்தக் குழியில் வாழை இலை போட்டு, ஆட்டிறைச்சி வைத்து, ஒரு சுருட்டைப் பற்றவைத்துச் செருகி, கறுப்பு பீரைக் கொஞ்சம் ஊற்றிவிட்டு மிச்சத்தைத் தாங்கள் குடித்துக்கொண்டு இருப்பார்கள். "லோரி ஓட்டுனாரும்மா, தாகம் அதிகம்" என்று பாட்டி ஒருமுறை அவளிடம் சொன்னாள். அந்தப் பெரியவரைத்தான் பட்டுப்பாவாடை கட்டிக் கூப்பிடப் போகிறார்கள்.

"இதுதானே கலா?" அண்ணனின் கண்கள் கலங்கியிருந்தன. "இதுதானே?"

"சாமி வந்து நின்ன எடத்துல நான் என்னாண்ணே சொல்றது."

அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். செய்தித்தாளைப் பிரித்தார். அண்ணி இலை விரித்து, பாவாடையை வைத்து, வளையலை அதன்மேல் வைத்து, மாவிளக்கை ஏற்றினாள். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. முதல் இடி மலைக்கு அப்பால் உருண்டது.

"மழ வாரதுக்குள்ள, வெளக்கு அணையறதுக்குள்ள" என்றார் சன்னாசி, இப்போது தன் சொந்தக் குரலில், மூச்சிரைத்தபடி. "முந்தானைய ஏந்தும்மா. பேரச் சொல்லி மூணு தடவ. மண்ணு விழுந்த அப்புறம் திரும்பிப் பாக்காம காடிக்கு நடக்கணும்."

கலாதேவி நின்றாள்.

எவ்வளவு சுலபம். அக்கா பத்திரமாக அங்கே சாக்கடை ஓரம் இருக்கிறாள். இது யாரோ ஒரு பெரியவரின் மண். மூன்று முறை ஒரு பெயரைச் சொன்னால் இவர்கள் சமாதானமாகிவிடுவார்கள், அண்ணன் தூங்குவார், நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம். யாருக்கு என்ன நஷ்டம்?

ஆனால் நினைப்பு அங்கே நிற்கவில்லை, மேலே போயிற்று. அண்ணன் வீட்டுக் கூடத்தின் மூலை. வழுவழுப்பான தரை. பீடம், சிவப்பு விளக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தினேஸ்வரி குளித்து ஈரத் தலையோடு அந்த மூலைக்கு முன்னால் மண்டியிடுகிறாள். சன்னாசி ஆடுகிறார். பிரமிளா என்ற பெயரோடு ஒரு குரல் வருகிறது. போகாதேடி மகளே, பெத்தவங்க பேச்சைக் கேளு என்கிறது. மண் யாருடையதாக இருந்தால் என்ன, பெயர் அக்காவினுடையது. விடுதிக் கதவைச் சாத்திக்கொண்டவளின் பெயரைச் சொல்லியே இன்னொருத்தியின் கதவைச் சாத்துவார்கள்.

அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்தது. அதைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, இருந்தும் பார்த்தாள். நான் நம்புகிறேனா? நம்பவில்லை என்றால் ஏன் ஒவ்வொரு வருடமும் பூவோடு வந்து, அந்த நீலக் கல்லிடம் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போகிறேன்? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் அவள் இருக்கிறாள். யார் குழியில் நின்று கூப்பிட்டாலும், என் குரல் என்று அவளுக்குத் தெரியும். கூட்டிட்டுப் போயிடாத என்று என்னிடம் சொன்னவள், நானே வா என்றால், என்னை நம்பி எழுந்து வந்துவிடுவாள்.

"கலா!"

"அண்ணே, தினேஸ் விசயம் சாமிகிட்ட கேக்குற விசயமா? அவ வேலைக்குத்தானே போறேங்குறா. போகட்டுமேண்ணே."

அண்ணனின் முகம் சட்டென்று மாறிற்று. "ஓ. இதான் சங்கதியா. போன்ல அத்தையும் மருமவளும் பேசி முடிச்சிட்டீங்களோ?"

"அவ என்கிட்ட கூப்புடுங்கன்னுதான் சொன்னா. கன்னி என்னா சொன்னாலும் கேக்குறேன்னா. அதான் எனக்கு..."

"அப்புறம் என்னா? அவளே சொல்லிட்டா. நீ யாரு நடுவுல? என் புள்ளைக்குப் புத்தி சொல்ற வேலையெல்லாம் வச்சிக்காத. ஒனக்கு ஒண்ணும் தெரியாது கலா. ஒனக்கு என்னைக்குமே ஒண்ணும் தெரியாது."

மண்வெட்டியைத் தரையில் ஓங்கிப் போட்டார். அது ஒரு கல்லில் பட்டுத் தெறித்து அண்ணியின் காலடியில் விழுந்தது. அண்ணி பின்வாங்கினாள். சன்னாசி, "பாலா, இங்க வச்சி சத்தம் வேணாம், பாலா" என்றார். மரத்தின் மேலே முதல் துளிகள் பெரிதாக, தனித்தனியாக விழுந்தன.

ஜெயபாலன் குந்தி உட்கார்ந்தார். மண்வெட்டியை எடுக்காமல், கையாலேயே மண்ணைக் கிளறினார். செம்மண், நகத்துக்குள் ஏறிற்று. ஒரு பிடி எடுத்துக்கொண்டு எழுந்தார். அறுபதைத் தொடப் போகிற உடம்பு, எழுவதற்கு ஒரு கையை முழங்காலில் ஊன்ற வேண்டியிருந்தது. அவர் அவள் அருகில் வந்தார். அடிப்பாரோ என்று ஒரு கணம் அவள் கன்னம் தானாக இறுகியது.

அவர் பேசியபோது குரலே இல்லை.

"நான் அவள அடிச்சேன்லா. அந்த கேட்டுல. ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ணே."

"அதுக்கு அப்புறம் அவ மொகம் எனக்கு வரவே மாட்டேங்குது கலா. எவ்வளவு நெனச்சாலும் வரல. கன்னம் மட்டுந்தான் வருது. என் கையி பட்ட எடம். கண்ண மூடுனா அதான்." அவர் பிடித்திருந்த மண் விரலிடுக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "எனக்கு காவல் எல்லாம் வேணாம். தினேஸ் விசயம் கூட அப்புறம் பாத்துக்கலாம். அவ வந்து என்னையத் திட்டட்டும். திட்டறதுக்காச்சும் வரட்டும். ஒரு வாட்டி கூப்புடு. சத்தமா கூட வேணாம், வாய்க்குள்ள கூப்புடு."

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சன்னாசி மாவிளக்கின்மேல் வேப்பங்கொத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றார், அதுவும் அணைந்துவிடக் கூடாதே என்று.

கலாதேவியின் உதடுகள் சேர்ந்தன. அக்கா பெயரின் முதல் எழுத்து உதட்டில் வந்து நின்றது. இத்தனை வருடத்தில் அண்ணன் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் தோளைத் தொட வேண்டும்போல் இருந்தது. தொட்டாள். சட்டை நனையத் தொடங்கியிருந்தது, அதற்கு அடியில் தோள் எலும்பு சின்னதாக, அப்பாவுடையதைப்போலவே இருந்தது.

திட்டு வாங்குவதற்குக்கூட அக்காதான் இவரிடம் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஊரிலேயே இருக்கிறார். காடி இருக்கிறது. மேட்டில் துரை கல்லுக்கு வழி தெரிகிறது. ஒரு நாள் மத்தியானம் இறங்கி வந்து, எந்தக் குழி என்று தெரியாவிட்டாலும் இந்தப் புல்லில் நின்று, பிரமிளா, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். இவருக்கு அது தோன்றவே இல்லை. அவளை வரவழைக்கத்தான் தெரியும். அன்றைக்கும் விடுதி வாசலில் வா, வீட்டுக்கு வா என்றுதான் கூப்பிட்டிருப்பார்.

"நீங்க பேசுங்கண்ணே" என்றாள். "இங்கயே நின்னு பேசுங்க. நான் கூட நிக்கிறேன். எவ்வளவு நேரமானாலும் நிக்கிறேன்."

"நான் பேசுனா அவளுக்குக் கேக்காது. சாமி சொன்னாருல்ல. நீதான் கூப்புடணும்."

"கேக்கும்ணே."

"கலா, வெளக்கு போவுது" என்றாள் அண்ணி.

மழை கம்போஜா இலைகளைத் தாண்டி இறங்கிவிட்டது. பட்டுப்பாவாடையில் ஒவ்வொரு துளியும் கருஞ்சிவப்பாகப் பரவியது. ஜெயபாலன் மண்ணை இரண்டு கைகளாலும் பொத்தி, ஒரு குழந்தையை நீட்டுவதுபோல் அவள் முன்னால் நீட்டினார். மண் சேறாகி அவர் மணிக்கட்டில் வழிந்தது.

"முந்தானைய புடிம்மா" என்றார். அம்மா என்று அவர் அவளை அழைத்ததே இல்லை. "கூப்புடு."

கலாதேவி முந்தானையை முன்னால் இழுத்தாள். அதைச் சுருட்டி, இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

"மாட்டேண்ணே" என்றாள்.